ஏ.எஸ்.ஓ. அதிகம் என்று வந்தால் குழந்தைக்கு ருமாட்டிக் காய்ச்சலா?

கேள்வி இதுதான். 7 வயதுப் பெண் குழந்தை, சில மாதங்களாக ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுகிறாள். ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. 412 என்று வந்திருக்கிறது, மற்றதெல்லாம் நார்மல். "இது ருமாட்டிக் காய்ச்சல், விட்டால் இதயத்தைப் பிடிக்கும், 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, 21 வயது வரைக்கும்" என்று சொல்லி ஊசியும் ஆரம்பித்துவிட்டார்கள். இது உண்மையிலேயே தேவையா, ஏ.எஸ்.ஓ. என்றால் என்ன, அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.எஸ்.ஓ.வைக் குறைக்க எதுவுமே செய்யத் தேவையில்லை. அது ஒரு நோய் இல்லை, உடம்பு ஒரு கிருமியைச் சமீபத்தில் சந்தித்தது என்பதற்கான தடயம், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு மருந்து கிடையாது. நான் குழந்தை மருத்துவம் பார்ப்பவன். இந்த ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து வரும் பெற்றோரைப் பார்க்காத மாதம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஸ்ட்ரெப், என்ற பாக்டீரியா குழந்தைகளின் தொண்டையிலும் தோலிலும் வந்து உட்காரும். அது வெளியே விடுகிற நஞ்சுகளில் ஒன்று ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. இதை எதிர்த்து உடம்பு ஒரு ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. அதை அளப்பதுதான் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை. இங்கிலாந்தில் எட்கர் டாட் என்பவர் 1932-இல் இதை விவரித்தார். அன்றைக்கு அவர் தேடியதும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள தொடர்பைத்தான், இன்றைக்குத் தொண்டைவலி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர் இதைக் கொண்டுவரவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளில் டாட் யூனிட் என்று போட்டிருப்பது அவர் பெயரில்தான். அப்போது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் படிப்படியாக நீர்க்க வைத்துப் பார்ப்பார்கள், அதனால் 125, 166, 250, 333, 500 என்று விநோதமான எண்களாகவே வரும். இப்போது பெரிய லேப்களில் மெஷின் அளக்கிறது, உங்கள் குழந்தைக்கு வந்த 412 அப்படிப்பட்ட எண். சின்ன லேப்களில் லேடெக்ஸ் துளியைக் கலந்து கட்டி கட்டுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள், அங்கே 200, 400, 800 என்று இரட்டிப்பாகத்தான் பதில் கிடைக்கும், அல்லது வெறும் "பாசிட்டிவ்" என்று எழுதிவிடுவார்கள்.

முக்கியமான விஷயம் நேரம். கிருமி இன்று தொண்டையில் தொற்றினால் ஆன்டிபாடி இன்றே ஏறாது. சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் ஏற ஆரம்பிக்கும், 3-லிருந்து 6 வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும், அப்புறம் மெதுவாக இறங்கும். முழுவதும் பழைய நிலைக்கு வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம், சில குழந்தைகளில் அதையும் தாண்டி உயர்ந்தே நிற்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். இன்று காய்ச்சலும் தொண்டைவலியுமாக இருக்கும் குழந்தைக்கு ஏ.எஸ்.ஓ. பார்த்தால், இப்போதைய கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குறைவாக இருந்தால் இன்னும் ஏறவில்லை என்று இருக்கலாம், அதிகமாக இருந்தால் போன தீபாவளிக்கு வந்த தொண்டைவலியின் மிச்சமாக இருக்கலாம். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதாரணத் தொண்டைவலியைக் கண்டறிய இந்த ஆன்டிபாடி பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள், காரணமும் இதேதான், அது நடந்து முடிந்ததைத்தான் காட்டும்.

சரி, 412 அதிகம்தானே, ரிப்போர்ட்டில் 200-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கறுப்பாக அச்சடித்திருக்கிறார்களே என்பீர்கள். அந்த 200-ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்த எல்லை பெரும்பாலும் கிட் தயாரிக்கும் கம்பெனி கொடுப்பது, எல்லா வயதுக்கும் ஒரே எண். ஆனால் இந்தக் கிருமியை அதிகம் சந்திக்கிற வயது 5-லிருந்து 15, பள்ளிக்கூட வயது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஸ்ட்ரெப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் எந்த நோயும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கே ஏ.எஸ்.ஓ. பெரியவர்களைவிட உயர்ந்திருக்கும். ஃபிஜித் தீவுகளில் ஆரோக்கியமான மக்களிடம் அளந்து பார்த்து எடுத்த எல்லை, 5 முதல் 14 வயதுக்கு 276, 35 வயதுக்கு மேல் 127. ஆஸ்திரேலியாவில் ருமாட்டிக் காய்ச்சல் வழிகாட்டுதலுக்கு இந்த எண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே சோதனை, வயதுக்கு வயது இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் லேப் இரண்டு பேருக்கும் 200 என்று போடுகிறது.

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாது. இந்த "நார்மல் எல்லை" எப்படி வைக்கிறார்கள் என்றால், ஆரோக்கியமானவர்களின் அளவுகளை வரிசைப்படுத்தி 80 சதவீதம் பேர் அடங்கும் இடத்தில் கோடு போடுகிறார்கள். தைராய்டு போன்ற சோதனைகளுக்குப் போடுகிற மாதிரி 95 சதவீதத்தில் போடுவதில்லை. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத ஐந்து குழந்தைகளில் ஒரு குழந்தை, கோட்டைச் சரியாகப் போட்டிருந்தாலும்கூட, கோட்டுக்கு மேலேதான் இருக்கும். வயதுக்குப் பொருந்தாத 200-ஐ வைத்தால் இன்னும் அதிகம் பேர் மேலே போவார்கள். உங்கள் பெண்ணின் வகுப்பில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எத்தனை ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல், கிருமியைச் சும்மா தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளும் உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஆரோக்கியமான குழந்தைகளில் சுமார் 12 சதவீதம் பேர் தொண்டையில் இந்தக் கிருமி இருந்தது. இவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, சிகிச்சையும் பொதுவாகத் தேவையில்லை. இவர்களில் சிலருக்கு ஏ.எஸ்.ஓ. மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். குரூப் சி, குரூப் ஜி என்ற உறவுக்காரக் கிருமிகள் சிலவும் இதே நஞ்சைத் தயாரிக்கும், அவற்றாலும் ஏறும். கல்லீரல் நோய், ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருப்பது போன்றவையும் சோதனையைக் குழப்பி எண்ணை ஏற்றிக் காட்டக்கூடும், குழந்தைகளில் இது அபூர்வம்தான்.

அப்படியானால் இந்தச் சோதனை வீணா என்றால், இல்லை. அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதைவிட்டால் வேறு நல்ல வழி கிடையாது. தொண்டையில் ஸ்ட்ரெப் வந்து போய், இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமி இல்லாமலே உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகிற நோய்கள்தான் அந்த இடம். ருமாட்டிக் காய்ச்சலில் மூட்டு வீங்கி வருகிறபோது தொண்டையில் கிருமி பெரும்பாலும் போயிருக்கும், தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் வளராது. ஆனால் அதே நேரத்தில் ஆன்டிபாடி உச்சத்தில் இருக்கும். டாட் கண்டுபிடித்த சோதனை இன்றும் உயிரோடு இருப்பது இந்தக் கால இடைவெளி ஒத்துப்போவதால்தான்.

அங்கேயும் அது சாட்சிதான், தீர்ப்பு இல்லை. ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய 1944-இல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த விதிகளைத்தான் திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறோம், கடைசியாக அமெரிக்க இதய சங்கம் 2015-இல் திருத்தியது. பெரிய அறிகுறிகள் ஐந்து: இதய வீக்கம் (இதயமும் வால்வும் அழற்சியடைவது), மூட்டு வீக்கம், கை கால் தன்னிச்சையாக ஆடும் கோரியா, தோலில் வளையம் வளையமாக வரும் ஒரு வகைத் தடிப்பு, தோலுக்கடியில் சின்னக் கட்டிகள். சின்ன அறிகுறிகள் காய்ச்சல், வீக்கமில்லாத மூட்டுவலி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்வு, ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஆகும் நேரம்) நீள்வது. முதல் முறை வருகிறபோது பெரியது இரண்டு, அல்லது பெரியது ஒன்றும் சின்னது இரண்டும் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் அடுத்த கேள்வியே வரும்: சமீபத்தில் ஸ்ட்ரெப் வந்ததற்கு ஆதாரம் உண்டா? அந்தக் கேள்விக்குப் பதில்தான் ஏ.எஸ்.ஓ. இந்தப் பட்டியலில் அது பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அறிகுறியே இல்லாமல் ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் சூட்டுவதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கிற தவறு.

நடப்பது எப்படி என்றும் சொல்கிறேன். கால்வலி என்று போனால் "ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்" என்று ஒரு பேக்கேஜ் எழுதுவார்கள். அதில் ஏ.எஸ்.ஓ., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட் எல்லாம் ஒன்றாக வரும். 7 வயதுக் குழந்தைக்கு யூரிக் ஆசிட் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நான்கில் ஒன்று கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே நோயாகிவிடுகிறது, அதிலும் பள்ளிப் பிள்ளைக்குக் கோட்டைத் தாண்ட வாய்ப்பு அதிகம் உள்ளது ஏ.எஸ்.ஓ.தான்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம், அதையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். உண்மையான ருமாட்டிக் காய்ச்சல் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத்தான் ஏ.எஸ்.ஓ. உயர்ந்திருக்கும். ஐந்தில் ஒருவருக்கு நார்மலாகவே இருக்கும். அங்கேதான் இரண்டாவது ஆன்டிபாடி உதவுகிறது, ஆன்டி டி.என்.ஏஸ். பி. இதே கிருமி விடுகிற வேறொரு பொருளுக்கு எதிரானது. இது மெதுவாக ஏறும், 6-லிருந்து 8 வாரத்தில் உச்சம், ஏ.எஸ்.ஓ.வைவிட அதிக நாள் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆதாரம் கிடைத்துவிடும். ஆனால் இது எல்லா லேபிலும் கிடைக்காது, பெரிய ஊர்களுக்கு அனுப்பித்தான் வாங்க வேண்டியிருக்கும், விலையும் கூடுதல். ஸ்ட்ரெப்டோசைம் என்று எல்லா ஆன்டிபாடிகளையும் ஒரே துளியில் பார்க்கிற ஒரு சோதனையும் இருந்தது, நம்பகம் போதாது என்று வழிகாட்டுதல்கள் அதை ஒதுக்கிவிட்டன.

கோரியா இன்னும் தனிக்கதை. குழந்தை சும்மா இருக்கும்போதே கை கால் ஆடும், முகம் கோணும், நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கோணலாகிவிடும், தட்டு கையிலிருந்து நழுவும், காரணமில்லாமல் அழும். வகுப்பில் சேட்டை என்று அடியும் வாங்கும். இது தொண்டைத் தொற்று வந்து ஆறு மாதம் கழித்தும் வரலாம், அதற்குள் ஏ.எஸ்.ஓ. இறங்கியிருக்கும். அதனால்தான் கோரியாவுக்கு மட்டும் ஸ்ட்ரெப் ஆதாரம் இல்லாமலே ருமாட்டிக் என்று முடிவு செய்ய ஜோன்ஸ் விதிகள் அனுமதிக்கின்றன. சத்தமில்லாமல் மெதுவாக வருகிற இதய வீக்கத்துக்கும் அதே விலக்கு. ஏ.எஸ்.ஓ. நார்மல், எனவே ருமாட்டிக் இல்லை என்று ஒரு கோரியாக் குழந்தையைத் திருப்பி அனுப்பினால், 412-ஐப் பார்த்து ஊசி எழுதியதைவிடப் பெரிய கேடு.

சிறுநீரகத்துக்கு வருவோம். காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் குறைவாகப் போய், ரத்த அழுத்தம் ஏறி ஒரு குழந்தை வருகிறது. ஸ்ட்ரெப்புக்குப் பிந்திய சிறுநீரக அழற்சி. தொண்டைக்குப் பிறகு என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரம், தோலுக்குப் பிறகு என்றால் மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வரும். நம் ஊரில் தோல்தான் பெரிய வாசல். சொறி பிடித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ்க் கொப்புளமாகி, அந்த இடத்தில் ஸ்ட்ரெப் குடியேறும். தோல் வழி வந்த தொற்றில் ஏ.எஸ்.ஓ. சரியாக ஏறாது, ஏனென்றால் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ கொலஸ்ட்ராலோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது, தோலின் கொழுப்பே அதை அடக்கிவிடுகிறது, உடம்புக்கு அந்த நஞ்சு சரியாக அறிமுகமே ஆவதில்லை. அங்கே ஆன்டி டி.என்.ஏஸ். பி.தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே சிரங்கு ஆறிய தழும்போடு வீங்கி வந்த குழந்தைக்கு ஏ.எஸ்.ஓ. 100 என்று வந்தால் அதை வைத்து எதையும் தள்ளுபடி செய்யக் கூடாது. நடைமுறையில், சிறுநீரில் ரத்தம், ரத்தத்தில் சி3 என்ற காம்ப்ளிமென்ட் (எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒரு புரதம்) குறைவு, அது 6-லிருந்து 8 வாரத்தில் தானாகவே ஏறிவிடுவது, இவைதான் அதிகம் பேசும். சி3 ஏறாமல் நின்றால் வேறு சிறுநீரக நோயைத் தேட வேண்டும். அந்த வீட்டில் சொறி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து பூசச் சொல்வது, என்னைக் கேட்டால், எந்த ஆன்டிபாடி சோதனையையும்விடப் பயனுள்ள வேலை.

ஒரே ஒரு எண்ணைவிட இரண்டு எண்களுக்கு மதிப்பு அதிகம். முதல் ரத்தம் எடுத்து 2-லிருந்து 4 வாரம் கழித்து மறுபடி எடுத்து, நன்றாக ஏறியிருந்தால் தொற்று புதியது என்று சொல்லலாம். ஆனால் நீர்க்க வைத்துப் பார்க்கிற முறையில் ஒரு படி வித்தியாசம் கணக்கில் வராது, 400 அடுத்த முறை 800 என்று வந்தால் அது சோதனையின் சாதாரணத் தடுமாற்றமாகவே இருக்கலாம், இரண்டு படியாவது தாண்ட வேண்டும். வேறு வேறு லேபில், வேறு வேறு முறையில் எடுத்ததை ஒப்பிடவே கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற இடங்களில் முதல் சீரத்தைப் பத்திரப்படுத்தி வைத்து இரண்டையும் ஒரே நாளில் பக்கம் பக்கமாக ஓட்டுவார்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தாலோ, ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாலோ ஆன்டிபாடி சரியாக ஏறாமலும் போகலாம்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊசி போட்டுக்கொண்டே மாதாமாதம் ஏ.எஸ்.ஓ. எடுத்து "இறங்கியிருக்கிறதா" என்று பார்ப்பது. பெனிசிலின் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியைத் தொடாது. எண் தன் போக்கில் இறங்கும், ஊசி போட்டாலும் இறங்கும், போடாவிட்டாலும் இறங்கும். அதுவும் நோய் எவ்வளவு தீவிரம் என்பதற்கு அந்த எண் அளவுகோலே இல்லை, 800 உள்ளவனுக்கு 400 உள்ளவனைவிட இரண்டு மடங்கு நோய் என்று கிடையாது. உண்மையான ருமாட்டிக் குழந்தைக்கு நோய் அடங்குகிறதா என்று பார்க்க ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ இருக்கின்றன.

இனி உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்ல முடியும், தொட்டுப் பார்த்து ஸ்டெத் வைத்துக் கேட்பதற்கு இது ஈடாகாது. இரண்டு காலும் வலிக்கிறது, தொடை, ஆடுசதை, முழங்காலுக்குப் பின்பக்கம் என்று காட்டுகிறாள், மாலையிலோ தூக்கத்திலோ வருகிறது, பிடித்துவிட்டால் அடங்குகிறது, காலையில் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறாள், நொண்டுவதில்லை என்றால் அது இந்த வயதில் மிகச் சாதாரணமாக வருகிற வளர்ச்சி வலி. ருமாட்டிக் மூட்டு இப்படி இருக்காது. முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு என்று பெரிய மூட்டுகள் வீங்கிச் சூடாகி, தொடவிடாமல் குழந்தை கத்தும், ஒரு மூட்டில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு அடுத்ததற்குத் தாவும், கூடவே காய்ச்சல் இருக்கும், ஆஸ்பிரின் வகை மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் ஆச்சரியப்படும் அளவுக்கு இறங்கும். ஈ.எஸ்.ஆர். பெரும்பாலும் நன்றாக ஏறியிருக்கும். இந்தியா போல நோய் அதிகமுள்ள நாடுகளில் ஒரே மூட்டு வீங்கினாலும், பல மூட்டுகளில் வெறும் வலி இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 2015 திருத்தம் இடம் கொடுக்கிறது. ஆனால் வேறு காரணங்களை விலக்கிய பிறகு, மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால் மட்டும். மூட்டில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மல் என்றால் அந்த வாசலிலும் நுழைய முடியாது.

வளர்ச்சி வலி என்று சொல்லிவிட்டு விலக்க வேண்டியவையும் உண்டு. ஒரே இடத்தில் வலி, நாளுக்கு நாள் கூடுவது, வெளிறிப்போவது, எடை குறைவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், நெறி கட்டுவது இருந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும் பார்க்க வேண்டும், ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளில் கால்வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். காலையில் மூட்டு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகி, ஆறு வாரத்துக்கு மேல் ஒரே மூட்டு வீங்கி நின்றால் குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியை நினைக்க வேண்டும். ஏ.எஸ்.ஓ.வைப் பிடித்துக்கொண்டு ருமாட்டிக் என்று முடித்துவிட்டால் இவையெல்லாம் தாமதமாகும், எனக்கு அந்த முத்திரையின் மேல் உள்ள பெரிய கோபமே இதுதான்.

ஊசியைப் பற்றி. பென்சதைன் பெனிசிலின், நம் ஊரில் பெனிடூர் என்றால் எல்லோருக்கும் தெரியும். உண்மையான ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு இது உயிர்காக்கும் மருந்து, மறுபடி மறுபடி வரும் தாக்குதல்கள் இதய வால்வுகளை மேலும் சிதைக்கும், அதைத் தடுக்க இதைவிட நல்லது இல்லை. இதயம் பாதிக்காதவருக்கு 5 வருடம் அல்லது 21 வயது வரை, எது அதிகமோ அது என்று அமெரிக்க இதய சங்கம் சொல்கிறது, வால்வு பாதித்தவருக்கு 40 வயது வரையும் போகலாம். உங்கள் பெண்ணுக்கு 21 வயது வரை என்றால் 14 வருடம், 21 நாளுக்கு ஒன்று வீதம் 240 ஊசிக்கு மேல். ரொம்ப வலிக்கிற ஊசி அது, அபூர்வமாக ஒவ்வாமையும் வரும். போட வேண்டியவருக்கு ஒன்றுகூடத் தவறக் கூடாது, வேண்டாதவருக்கு ஒன்றுகூடப் போடக் கூடாது. அதற்கு மேல் "இதய நோய்க் குழந்தை" என்ற பெயர் வேறு, விளையாட விடமாட்டார்கள், பெண் குழந்தை என்றால் கல்யாணப் பேச்சு வரை அது பின்னாலேயே வரும்.

அதற்காக நீங்களாகவே நாளைக்கு நிறுத்திவிடாதீர்கள். என் ஊகம் தவறாக இருக்கலாம், இதயத்தில் முனகல் சத்தம் கேட்டதாகவோ மூட்டு வீங்கியதாகவோ உங்களிடம் சொல்லாமல் குறித்திருக்கலாம். அடுத்த ஊசி நாளுக்குள் குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஒரு நல்ல எக்கோ எடுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம். வெளியே கேட்காத வால்வுக் கசிவையும் எக்கோ காட்டும், 2015 திருத்தம் அதையும் இதய வீக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. கூடவே ஈ.சி.ஜி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போகும்போது முதலில் எழுதிக்கொடுத்த சீட்டு, ஊசி போட்ட தேதிகள், எல்லா ரிப்போர்ட்டும் கொண்டுபோங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஜோன்ஸ் விதிகளில் என் பெண்ணுக்கு எதெது பொருந்துகிறது?" எதுவும் பொருந்தவில்லை என்றால் நிறுத்துவதை அவரே எழுதிக் கொடுக்கட்டும். ஸ்ட்ரெப்புக்குப் பின் சில நாட்களிலேயே வரும் வேறொரு மூட்டழற்சியும் உண்டு, தாவாது, ஆஸ்பிரினுக்கு அவ்வளவாக மசியாது. அதற்குச் சிலர் ஒரு வருடம் ஊசி போட்டு, இதயம் நன்றாக இருந்தால் நிறுத்துவார்கள். உங்கள் பெண்ணுக்கு மூட்டு வீங்கவே இல்லை என்றால் அதுவும் இல்லை.

கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது போன்ற பழக்கம் வந்த குழந்தைகளுக்கும் இப்போது ஏ.எஸ்.ஓ. எழுதுகிறார்கள். அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழு 1998-இல் பாண்டாஸ் என்று விவரித்த நிலையை, அதாவது ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டி இப்படிப்பட்ட பழக்கங்கள் திடீரென்று வருவதை, நினைத்துத்தான். அதிலும் தொற்றும் அறிகுறியும் நேரத்தில் ஒன்றோடொன்று தொடர்ந்து வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒற்றை உயர்ந்த எண் அங்கேயும் எதையும் நிரூபிக்காது. மூன்று வயதுக்குக் கீழே ருமாட்டிக் காய்ச்சல் மிக அபூர்வம், அந்த வயதில் இந்தச் சோதனைக்கு வேலை மிகக் குறைவு.

கடைசியாக, அடுத்த முறை தொண்டைவலி வரும்போது என்ன செய்வது. இருமல், மூக்கு ஒழுகல், குரல் கம்மல், கண் சிவப்பு, வாய்ப்புண் இருந்தால் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், எந்தச் சோதனையும் வேண்டாம். இருமல் இல்லாமல் திடீரென்று 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சில் வீங்கி வெள்ளை படிந்து, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலித்தால் ஸ்ட்ரெப்பாக இருக்க வாய்ப்பு கூடும். அப்போது எடுக்க வேண்டியது ரத்தம் இல்லை, தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்து எடுக்கும் மாதிரி. கல்ச்சர் ஒன்றிரண்டு நாளில் பதில் சொல்லும். சில நிமிடங்களில் பதில் தரும் ரேபிட் ஆன்டிஜென் சோதனையும் உண்டு, நூறு ஸ்ட்ரெப்பில் 85-ஐயாவது பிடிக்கும், பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் கல்ச்சரும் பார்ப்பது நல்லது, நம் பக்கம் எல்லா இடத்திலும் கிடைக்காது. இரண்டுமே இல்லாத இடத்தில் அறிகுறியைப் பார்த்தே மருந்து தொடங்குவதில் தப்பில்லை. வலி தொடங்கி 9 நாளுக்குள் பெனிசிலின் வகை மருந்து தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதால் கல்ச்சருக்காகக் காத்திருக்கவும் நேரம் இருக்கிறது. பெனிசிலினால் தடுக்க முடியும் என்பது 1950 வாக்கில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப்படைத் தளத்து வீரர்களிடம் நிரூபிக்கப்பட்டது. அமாக்சிசிலின் என்று எழுதிக் கொடுத்தால் 10 நாளும் கொடுங்கள், மூன்றாம் நாள் குழந்தை ஓடி விளையாடினாலும் பாட்டிலை மூடி வைக்காதீர்கள். முடிந்த பிறகு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் மறுபடி கல்ச்சரும் வேண்டாம், ஏ.எஸ்.ஓ.வும் வேண்டாம்.